கண் மாற்றியும் சிலருக்குப் பார்வை நிலைக்காதது ஏன்? மதுரை ஆய்வகத்தில் லேசர் தேடிப் பிடித்த ‘குருத்து’ செல்

திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி பக்கம் சீமைக் கருவேலம் இல்லாத கண்மாய்க் கரையைப் பார்ப்பது அபூர்வம். மழை பொய்த்த வருஷம் வெள்ளாமை கைவிட்டால், கருவேலம் வெட்டி கரிமூட்டம் போடுவதுதான் பல குடும்பங்களுக்குக் கைகொடுக்கும் வேலை. அந்த வேலையில் முள் தெறித்துக் கண்ணில் அடிபடுவது புதுசில்லை. கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்குச் சுண்ணாம்பு, சிவகாசிப் பக்கம் போகிறவர்களுக்குப் பட்டாசு மருந்து என்று ஆபத்து வேறு வேறு உருவத்தில் வரும்.

காயம் ஆறின பிறகு கண்ணில் வெள்ளையாக ஒரு தழும்பு நின்றுவிடும். அது முள் குத்தினதால் வந்தாலும் சரி, சுண்ணாம்பு பட்டு வந்தாலும் சரி, ஊரில் ஒரே பெயர்தான்: “கண்ணுல பூ விழுந்துருச்சு.”

ஆனால் டாக்டருக்கு எல்லாப் பூவும் ஒன்றல்ல. ஒருவருக்கு தானமாக வந்த கருவிழியை வைத்துத் தைத்தால் பார்வை திரும்புகிறது. இன்னொருவருக்கு அதே ஆபரேஷன் செய்தும், புதுக் கருவிழி மேல் சில மாதங்களில் ரத்த நாளம் படர்ந்து மறுபடி மங்கிவிடுகிறது. ஆபரேஷன் சரியாக நடந்திருந்தாலும் இப்படி ஆகலாம். காரணம், கருவிழியின் ஓரத்தில் இருக்க வேண்டிய ஒரு வகை செல் அவருக்கு அழிந்துபோயிருக்கிறது.

அந்த செல்லை மற்ற செல்களில் இருந்து தனியாகப் பிரித்தெடுத்து, அதன் மரபணுச் செயல்பாட்டைப் படிக்க மதுரை அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் ஒரு முறையை உருவாக்கி, 2016ல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். அதில் முக்கியமான கருவி ஒரு லேசர். அது எப்படி வேலை செய்கிறது, மதுரையில் அதை எதற்காகப் பயன்படுத்தினார்கள், புற்றுநோய் டெஸ்ட் எடுக்கிறவர்களுக்கும் இதில் என்ன சம்பந்தம் என்று பார்க்கலாம்.

முதலில், கருவிழி என்றால் என்ன?

பெயரில் ‘கரு’ இருந்தாலும் கருவிழிக்கு நிறம் கிடையாது. வாட்ச் மேல் இருக்கும் கண்ணாடி மாதிரி, கண்ணின் முன்பக்கம் மூடியிருக்கும் தெளிவான படலம் அது. நடுவில் சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன். நமக்குக் கறுப்பாகத் தெரிவது அதற்குப் பின்னால் இருக்கும் பாவையும் அதைச் சுற்றியுள்ள திரையும்தான். பாடப் புத்தகத்தில் ‘விழிவெண்படலம்’ என்று இருக்கும். பேச்சிலும் செய்தியிலும் கருவிழி என்றே நிலைத்துவிட்டதால் இங்கேயும் அப்படியே.

அந்தத் தெளிவுக்கு ஒரு காரணம், கருவிழியில் ரத்தக் குழாயே கிடையாது. இன்னொரு காரணம், அதன் மேல்தோல் ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது. கண் சிமிட்டும்போதும் தேய்க்கும்போதும் மேலே இருக்கும் செல்கள் உதிர்கின்றன. ஒன்று இரண்டு வாரத்துக்குள் மேல்தோல் முழுக்க புதுசாகிவிடும்.

புதுச் செல் எங்கிருந்து வருகிறது? கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் இடத்தில், வட்டமாக ஒரு மெல்லிய விளிம்பு இருக்கிறது. அகலம் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர்தான். அந்த விளிம்பின் அடியடுக்கில்தான் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. 1980களில் அமெரிக்க விஞ்ஞானிகள் இதை ஆய்வில் உறுதிப்படுத்தினார்கள்.

ஸ்டெம் செல்லுக்குத் தமிழில் ‘குருத்தணு’ என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பனங்காட்டு ஊர்க்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. பனையில் ஓலையை எத்தனை முறை வெட்டினாலும் குருத்து இருக்கிறவரை மறுபடி ஓலை வரும். குருத்து பட்டுப்போனால் மரமே மொட்டைதான். கருவிழிக்கும் அதே கதை.

முள் குத்தின காயம் நடுவில் இருந்து, விளிம்பு தப்பித்துக்கொண்டால், கருவிழி மாற்று சிகிச்சைக்குப் பிறகு புதுத் திசுவின் மேல் நோயாளியின் சொந்த செல்களே வந்து மூடிக்கொள்ளும். சுண்ணாம்பும் ஆசிடும் அப்படி இல்லை. கண் முழுக்கப் பரவி விளிம்பையும் சேர்த்து எரித்துவிடும். சில மருந்துகளின் கடுமையான ஒவ்வாமையாலும் இது நடக்கலாம். குருத்து செல் போன இடத்தில் வெள்ளை விழியின் தோல், ரத்த நாளத்தோடு சேர்ந்து உள்ளே ஏறி வந்துவிடும். அந்தக் கண்ணில் கருவிழியை மட்டும் மாற்றுவது, குருத்து இல்லாத பனையில் ஓலையை ஒட்டவைக்கிற மாதிரிதான்.

மதுரை வட்டாரத்தில் இது எவ்வளவு பெரிய பிரச்சினை?

1994 ஜனவரியில் இருந்து மார்ச் வரை, வெறும் மூன்று மாதத்தில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 284 பேர், அதாவது சுமார் 65 சதவீதம் பேர், அதற்கு முன் கண்ணில் அடிபட்டதாகச் சொன்னவர்கள். பூஞ்சைத் தொற்றும் பாக்டீரியா தொற்றும் கிட்டத்தட்ட சரிபாதி. 1996ல் வெளியான இன்னொரு ஆய்வு, மதுரை மாவட்டத்தில் வருஷத்துக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கணக்கிட்டது. அமெரிக்காவின் ஒரு கவுண்டியில் எடுத்த கணக்கோடு ஒப்பிட்டால் இது சுமார் பத்து மடங்கு.

செடி, முள், உமி மாதிரி பொருள் கண்ணில் குத்தும்போது பூஞ்சையும் சேர்ந்து உள்ளே போகிறது. அதற்கு மேல் தழைச்சாறு, தாய்ப்பால் என்று ஊற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். முள் பட்ட கண்ணை அதே நாளில் டாக்டரிடம் காட்ட வேண்டும். சுண்ணாம்பு பட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன்பே, அந்த இடத்திலேயே சுத்தமான தண்ணீரை விடாமல் ஊற்றிக் கழுவ வேண்டும். குறைந்தது 15 நிமிஷம், முடிந்தால் அரை மணி நேரம். விளிம்பில் இருக்கும் குருத்து செல் தப்பிக்குமா என்பது பெரும்பாலும் அந்த அரை மணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது.

செல்லைத் தனியாகப் பிரிப்பதில் என்ன கஷ்டம்?

குருத்து செல்லில் எந்த மரபணு வேலை செய்கிறது, எது தூங்குகிறது என்று தெரிந்தால்தான் அதைப் பாதுகாக்கவும், ஆய்வகத்தில் வளர்க்கவும், வளர்த்தது சரியான செல்தானா என்று சோதிக்கவும் முடியும். ஆனால் விளிம்புத் திசுவை எடுத்து அப்படியே டெஸ்டுக்குப் போட்டால் என்ன ஆகும்? விளிம்பின் மேல்தோலில் ஸ்டெம் செல்லின் பங்கு மிகச் சொற்பம். நூறு செல் எடுத்தால் ஐந்துகூடத் தேறாது.

ஒரு மூட்டைக் கம்பில் ஒரு கைப்பிடி கேழ்வரகு கலந்து மில்லில் கொடுத்து அரைத்தாச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாவைத் தொட்டுப் பார்த்து, கேழ்வரகு எந்த ரகம் என்று சொல்ல முடியுமா? மரபணு டெஸ்டும் மாவு அரைக்கிற வேலைதான். திசுவைக் கரைத்து, எல்லா செல்லின் டிஎன்ஏ, ஆர்என்ஏவையும் ஒன்றாகக் கலந்துதான் படிக்கிறார்கள். எது அதிகமோ அதன் குரல்தான் கேட்கும்.

அரைக்கிறதுக்கு முன்னால் பொறுக்கி எடுத்தால்தான் உண்டு.

பொறுக்குவதற்கு வேறு இயந்திரங்களும் உண்டு. செல்லின் மேல்பரப்பில் இருக்கும் அடையாளப் புரதத்தில் ஒளிரும் சாயத்தை ஒட்டவைத்து, லட்சக்கணக்கான செல்களை வரிசையில் ஓடவிட்டுப் பிரிக்கலாம். ரத்த செல்களுக்கு இது அருமையாக வேலை செய்கிறது. ஆனால் கருவிழிக் குருத்து செல்லுக்கு, ‘இது இருந்தால் கண்டிப்பாக அதுதான்’ என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒற்றை அடையாளம் இல்லை. சிக்கலே அங்கேதான்.

மதுரைக் குழு கண்ட வழி

எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் ஜி.வெங்கடசாமி, 1976ல் 11 படுக்கையோடு மதுரையில் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் ஆராய்ச்சிப் பிரிவில் பேராசிரியர் வி.ஆர்.முத்துக்கருப்பன் வழிகாட்டிய குழு, 2005ல் ஒரு முக்கியமான கட்டுரையை வெளியிட்டது.

விளிம்பில் இருக்கும் செல்களில் சிலது மட்டும் அளவில் சின்னதாக, ஆனால் உட்கரு பெரிதாக இருந்தன. செல்லில் பெரும்பகுதியை உட்கருவே அடைத்துக்கொண்டிருக்கும். அதே செல்களில் ‘பி63’ என்ற புரதமும் தூக்கலாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் குருத்து செல்லை அடையாளம் காணலாம் என்றார்கள். தனியாகப் பி63 மட்டும் போதாது, தனியாக உட்கரு அளவும் போதாது, இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

உட்கருவுக்கும் செல்லுக்கும் உள்ள விகிதத்தை மைக்ரோஸ்கோப்பில் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். சாயம் பிடித்து வரிசையில் ஓடவிட வேண்டியதில்லை. கண்ணால் பார்த்து அடையாளம் தெரிகிற ஒன்றை, பார்த்த இடத்திலேயே எடுக்க ஒரு கை வேண்டும். செல்லின் குறுக்களவோ தலைமுடியின் தடிமனில் ஏழெட்டில் ஒரு பங்குதான். மனுஷக் கைக்கு அது ஆகாது. லேசர் அங்கேதான் வருகிறது.

2016ல் முனைவர் கௌரி பிரியா சிதம்பரநாதனும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட முறை இரண்டு படியாக நடக்கிறது. முதலில் நொதிகளைப் பயன்படுத்தி, விளிம்புத் திசுவில் இருந்து அடியடுக்குச் செல்களைப் பிரிக்கிறார்கள். இதிலேயே பாதிக் குப்பை போய்விடும். அடுத்து அந்தச் செல்களை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, பெரிய உட்கரு உள்ள செல்களை மட்டும் பார்த்துப் பார்த்து லேசரால் எடுக்கிறார்கள். மேலோட்டமாகச் சேகரித்தால் நூற்றுக்கு ஐந்துகூட இல்லாத செல், இந்த இரண்டு சல்லடைக்குப் பிறகு மிகச் செறிவாகக் கிடைத்தது.

அப்படிச் செறிவாக்கிய செல்களில் இருக்கும் மைக்ரோ ஆர்என்ஏக்களைப் பட்டியல் எடுத்து, அதே நிறுவனத்தின் குழு 2020ல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வெளியிட்டது. மைக்ரோ ஆர்என்ஏ என்பது சுமார் 22 எழுத்து நீளமே உள்ள துணுக்கு. எந்த மரபணுவை அடக்கிவைக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி மாதிரி. இதைக் கண்டுபிடித்ததற்குத்தான் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024ல் நோபல் பரிசு கிடைத்தது. குருத்து செல்லில் மட்டும் எந்தத் துணுக்குகள் தூக்கலாக இருக்கின்றன என்று தெரிந்தால், அந்தச் செல் ஏன் முதிராமல் குருத்தாகவே இருக்கிறது என்பதற்குத் துப்பு கிடைக்கும். கலந்த மாவில் இந்தக் கணக்கை எடுத்திருக்கவே முடியாது.

லேசர் எப்படி செல்லை எடுக்கிறது?

இது கண்ணாடி போடாமல் இருக்கச் செய்கிற லேசர் ஆபரேஷன் கிடையாது. நோயாளியின் கண்ணில் இந்த லேசர் படுவதே இல்லை. உடம்பில் இருந்து ஏற்கெனவே எடுத்து, ஸ்லைடில் வைத்த திசு மேல்தான் படுகிறது.

இந்த நுட்பத்தை உருவாக்கியது அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம். மைக்கேல் எம்மெர்ட்-பக், லான்ஸ் லியோட்டா உள்ளிட்ட குழு 1996 நவம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் இதை அறிவித்தது. அதற்கு முன்னாலும் ஆய்வாளர்கள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் செல்களைச் சுரண்டி எடுத்தார்கள். கை நடுங்கினால் பக்கத்து செல்லும் சேர்ந்து வந்துவிடும். ஒரு மாதிரிக்கே பல மணி நேரம் ஆகும்.

அவர்கள் கண்ட வழி ரொம்ப எளிமையானது. ஸ்லைடில் உள்ள திசுவின் மேல் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடியை வைக்கிறார்கள். மூடியின் அடியில், சூடு பட்டால் இளகும் மெல்லிய படலம் ஒட்டியிருக்கும். மைக்ரோஸ்கோப்பில் வேண்டிய செல்லைக் குறிவைத்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரை ஒரு துடிப்பு மட்டும் அடிக்கிறார்கள். அந்தப் புள்ளியில் மட்டும் படலம் இளகி, கீழே இருக்கும் செல்லைப் பிடித்துக்கொண்டு உடனே இறுகிவிடும். மூடியைத் தூக்கினால் அந்தச் செல் மட்டும் பெயர்ந்து வரும். மற்றதெல்லாம் ஸ்லைடிலேயே இருக்கும். சூடு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம்தான் நீடிக்கிறது என்பதால் உள்ளே இருக்கும் டிஎன்ஏவுக்குச் சேதம் இல்லை.

இன்னொரு வகை, புற ஊதா லேசரைக் கத்தியாகப் பயன்படுத்துவது. திசுவை ஒரு மெல்லிய சவ்வின் மேல் ஒட்டி, வேண்டிய இடத்தைச் சுற்றி கம்ப்யூட்டர் திரையில் கோடு போடுகிறார்கள். கோட்டின் மேலேயே லேசர் போய் வெட்டும். வெட்டின துண்டு ஒரு கம்பெனியின் கருவியில் தானாகக் கீழே குப்பியில் விழும். இன்னொரு கம்பெனியின் கருவியிலோ, லேசர் அதை உண்டிவில் மாதிரி மேலே தெறிக்கவிட்டுக் குப்பியில் பிடிக்கும். இதில் கை எதையும் தொடுவதே இல்லை. மரபணு ஆய்வில் அது பெரிய விஷயம், ஏனென்றால் ஆய்வாளரின் தோல் செல் ஒன்று விழுந்தாலும் கணக்கு குழம்பும்.

எடுத்த பிறகுதான் நிஜமான தலைவலி. ஒரு மனித செல்லில் இருக்கும் டிஎன்ஏவின் எடை சுமார் 6 பிக்கோகிராம். பிக்கோகிராம் என்றால் ஒரு கிராமை லட்சம் கோடி பங்கு போட்டு அதில் ஒரு பங்கு. நூறு செல் சேர்த்தாலும் 600 பிக்கோகிராம்தான், ஒரு நானோகிராம்கூட வராது. அதனால் பிசிஆர் மாதிரியான முறைகளால் பலமுறை நகலெடுத்துப் பெருக்கித்தான் படிக்க முடியும். பெருக்கும்போது பிழையும் சேர்ந்து பெருகும் என்பதால் ஒவ்வொரு படியிலும் சரிபார்ப்பு வேண்டும்.

ஆர்என்ஏ இன்னும் மோசம். நம் வேர்வையில் இருக்கும் நொதிகூட அதை நிமிஷத்தில் சிதைத்துவிடும். கையுறை, தனி மேஜை, நேரக் கணக்கு என்று ஆய்வாளர்கள் படும் பாடு சொல்லி மாளாது.

புற்றுநோய் டெஸ்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கண்ணை விட்டு கொஞ்சம் வெளியே வரலாம், ஏனென்றால் இந்த நுட்பம் பிறந்ததே புற்றுநோய்க்காகத்தான்.

கட்டியில் இருந்து எடுத்த சதைத் துண்டு முழுக்க புற்றுநோய் செல்தான் என்று நினைப்பது இயல்பு. நிஜத்தில் அதில் ரத்தக் குழாய், நார்த் திசு, நோயை எதிர்க்க வந்த வெள்ளை அணு எல்லாம் கலந்திருக்கும். சில துண்டுகளில் புற்றுநோய் செல் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். நூறு செல்லில் 10 மட்டும் புற்றுநோய் செல். ஒவ்வொரு செல்லிலும் ஒரு மரபணுவுக்கு இரண்டு பிரதி உண்டு, பெரும்பாலும் அதில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும். ஆக மொத்த டிஎன்ஏவில் கோளாறான பிரதி 5 சதவீதம்தான். பழைய வகை மரபணு வாசிப்பு முறையால் சுமார் 15, 20 சதவீதத்துக்குக் கீழே இருப்பதைப் பார்க்க முடியாது. ரிப்போர்ட்டில் ‘மாற்றம் இல்லை’ என்று வந்துவிடும். நோயாளிக்கு அந்த மாற்றம் இருந்தும், அதற்கென்றே இருக்கும் மாத்திரை கிடைக்காமல் போகலாம். புதிய வகை வாசிப்புக் கருவிகள் இதைவிடக் குறைந்த அளவையும் கண்டுபிடிக்கும் என்றாலும், அவற்றுக்கும் ஒரு கீழ் எல்லை உண்டு.

அதனால்தான் நல்ல லேபில் மரபணு டெஸ்டுக்கு முன்னால் பேத்தாலஜி டாக்டர் ஸ்லைடைப் பார்த்து, புற்றுநோய் செல் எத்தனை சதவீதம் என்று குறிப்பார். பெரும்பாலான இடங்களில் ஸ்லைடில் பேனாவால் வட்டம் போட்டு, அந்த இடத்தை மட்டும் பிளேடால் சுரண்டி எடுப்பார்கள். கட்டி பெரிதாக இருந்தால் அதுவே போதும். புற்றுநோய் செல்கள் சின்னச் சின்னத் தீவாகச் சிதறிக் கிடக்கும்போதுதான் லேசருக்கு வேலை.

இந்த இடத்தில் நோயாளியின் குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ‘பயாப்சி’ எடுத்த சதையை பாரஃபின் மெழுகில் பதித்து ஒரு கட்டியாக வைப்பார்கள். ஆஸ்பத்திரியில் அதை ‘பிளாக்’ என்பார்கள். அருப்புக்கோட்டையிலோ விருதுநகரிலோ பயாப்சி எடுத்துவிட்டு, மேல்சிகிச்சைக்கு மதுரைக்கோ சென்னை அடையாறுக்கோ போகிறவர்கள் ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்கள். அங்கே போனதும் முதல் கேள்வியே “பிளாக் கொண்டு வந்தீங்களா?” என்பதுதான். மறுபடி மரபணு டெஸ்ட் செய்ய அந்த மெழுகுக்கட்டிதான் வேண்டும். எழுதிக் கேட்டால் பயாப்சி எடுத்த இடத்தில் கொடுப்பார்கள்.

மாதிரி கெட்டுப்போவதும் உண்டு. சதைத் துண்டை எடுத்தவுடன் ஃபார்மலினில் போட வேண்டும். துண்டைப் போல் சுமார் பத்து மடங்கு ஃபார்மலின் இருக்க வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் மூன்று நாளைக்கு மிகாமலும் ஊறுவது நல்லது என்பது மார்பகப் புற்றுநோய் டெஸ்டுகளுக்கு வகுத்த சர்வதேச வழிகாட்டுதல். வாரக்கணக்கில் ஃபார்மலினிலேயே கிடந்த துண்டில் டிஎன்ஏ துண்டு துண்டாகிவிடும். எவ்வளவு விலை உயர்ந்த லேசர் இருந்தாலும் அதற்கப்புறம் பலன் இல்லை.

தடயவியலிலும் இதே லேசர் பயன்படுகிறது. பாலியல் வன்முறை வழக்குகளில் கிடைக்கும் மாதிரியில் பாதிக்கப்பட்டவரின் செல்களும் குற்றவாளியின் உயிரணுக்களும் கலந்திருக்கும். மைக்ரோஸ்கோப்பில் உருவத்தை வைத்து உயிரணுவை மட்டும் தனியாக எடுத்தால், கலப்பில்லாத டிஎன்ஏ கிடைக்கும்.

அப்படி எடுத்த குருத்து செல்லை நோயாளிக்குத் திரும்ப வைக்கலாமா?

முடியாது. செய்தியைப் படித்துவிட்டுப் பலரும் குழம்புவது இங்கேதான். மரபணு ஆய்வுக்காக லேசரால் எடுத்த செல்கள் உயிரோடு இல்லை. அவை படிப்பதற்கு மட்டும்.

நோயாளிக்கான சிகிச்சை வேறு வழியில் நடக்கிறது. ஒரு கண் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால், நல்ல கண்ணின் விளிம்பில் இருந்து சுமார் இரண்டு மில்லிமீட்டர் துண்டு எடுத்து, அதைச் சிறு சிறு துண்டாக்கி, கெட்டுப்போன கண்ணில் பனிக்குடச் சவ்வின் மேல் நாற்று நட்ட மாதிரி பரப்பிவைக்கும் முறை இருக்கிறது. ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனையில் டாக்டர் வீரேந்தர் சங்வான் குழு உருவாக்கி 2012ல் வெளியிட்ட இந்த முறையில் செல்லை ஆய்வகத்தில் வளர்க்கும் செலவே கிடையாது. இன்று பல நாடுகளில் செய்கிறார்கள். நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு ஒன்று வெளிநாட்டுக்குப் போன கதைகளில் இது முக்கியமானது, ஆனால் அதிகம் பேசப்படாதது.

இரண்டு கண்ணும் போனவர்களுக்கு இந்த வழி இல்லை. அவர்களுக்கு வாயின் உள்பக்கத் தோலில் இருந்து செல் எடுத்து, வளர்த்து வைக்கும் முயற்சியும் நடந்திருக்கிறது. மதுரை அரவிந்த் குழுவே 2011ல் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது.

வளர்த்து வைக்கிற சிகிச்சையில்தான் லேசர் ஆய்வின் பலன் நேரடியாகத் தெரியும். இத்தாலியில் 112 நோயாளிகளுக்குக் குருத்து செல் வளர்த்து வைத்த அனுபவத்தை 2010ல் வெளியிட்டார்கள். வளர்த்த செல்களில் பி63 புரதம் பளிச்சென்று தெரியும் செல்கள் 3 சதவீதத்துக்கு மேல் இருந்தபோது, 78 சதவீத நோயாளிகளுக்கு சிகிச்சை பலித்தது. 3 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தவர்களில் பலித்தது 11 சதவீதம் பேருக்குத்தான். தட்டில் வளர்ந்தது எல்லாமே பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். அதில் குருத்து எத்தனை, சும்மா வளர்ந்த ஓலை எத்தனை என்று ஆபரேஷனுக்கு முன்பே சொல்ல நம்பகமான அடையாளம் வேண்டும். கலப்பில்லாத குருத்து செல்லைப் படித்தால்தான் அந்த அடையாளப் பட்டியல் உருவாகும்.

இந்த நுட்பத்துக்குக் குறையே இல்லையா?

உண்டு. கருவி விலை அதிகம். மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு செல்லாகப் பார்த்து எடுக்கப் பயிற்சியும் பொறுமையும் வேண்டும். தவறான செல்லைக் குறிவைத்தால் லேசர் தவறான செல்லைத்தான் துல்லியமாக எடுத்துக் கொடுக்கும். இப்போது ஆயிரக்கணக்கான செல்களை ஒவ்வொன்றாகத் தனித்தனியே வாசிக்கும் கருவிகளும், திசுவைக் கரைக்காமல் இருந்த இடத்திலேயே மரபணுச் செயல்பாட்டை வரைபடமாக எடுக்கும் முறைகளும் வந்துவிட்டன. ஆனாலும் குறிப்பிட்ட ஒரு மூலையில் இருக்கும் அபூர்வ செல்லை உருவம் பார்த்து எடுக்க வேண்டும் என்றால் இன்றைக்கும் லேசரைத்தான் தேடுகிறார்கள்.

ஆய்வுக்குத் திசு எங்கிருந்து கிடைக்கிறது?

கண் தானத்தில் இருந்துதான். தானமாக வரும் கண்ணில், கருவிழியின் நடுப்பகுதியை வட்டமாக வெட்டி நோயாளிக்கு வைத்த பிறகு விளிம்பு வளையம் மிச்சமாகும். குருத்து செல் இருக்கும் இடமும் அதுதான். சிகிச்சைக்குத் தகுதி இல்லாத கண்களும், குடும்பத்தின் சம்மதம் இருந்தால், ஆய்வுக்குப் பயன்படும்.

இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும். கண் வங்கிக்குச் சொல்லிவிட்டு, இறந்தவரின் இமையை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலையைத் தலையணையில் கொஞ்சம் உயர்த்தி வைக்க வேண்டும். மேலே சுற்றும் ஃபேனை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் கருவிழி காய்ந்துவிடும். கண்புரை ஆபரேஷன் செய்தவர்கள், கண்ணாடி போட்டவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் எல்லோருமே கொடுக்கலாம். ஊழியர்கள் வீட்டுக்கே வந்து எடுப்பார்கள், அரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும், முகம் அலங்கோலமாகத் தெரியாது. வெளியூர்ச் சொந்தம் வந்து சேரும்வரை காத்திருந்து, ஆறு மணி நேரம் தாண்டிய பிறகு போன் செய்தால், பெரும்பாலும் அந்தக் கண்ணால் யாருக்கும் பார்வை கொடுக்க முடியாது.